பத்தாவது தட்டு

காலைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அந்தச் சாக்க மிதிச்சிராதிய. உள்ள இருக்கது சீர்த்தட்டு. ஆமா, சீர்தான். சீர் கொண்டு போறவன் மூஞ்சி இப்படியா இருக்கும்னு பாக்கியளா? கொண்டு போகல, திருப்பிக் கொண்டு வாரேன். சடங்கு வீட்டுக்குப் போன தாய்மாமன் சீரத் திருப்பிக் கொண்டு வந்தவன எங்கயாவது பாத்திருக்கியளா? இந்தா பாத்துக்கிடுங்க, பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.

ஜன்னலத் தொறங்களேன். பழம் நசுங்கி நாறுது. ஒரு வாய் தண்ணி அந்த வீட்டுல குடிக்கல. குடிக்கவும் மாட்டேன்.

முன்னால லேடீஸ் சீட்டுல பச்சச் சேலை கட்டி ஒருத்தி உக்காந்திருக்கா பாருங்க, அதான் எம் வீட்டுக்காரி. ரெண்டு பேர் சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. இருந்தும் அங்க போயி உக்காந்துட்டா. பஸ் ஸ்டாப்புல ஒரே ஒரு வார்த்தை சொன்னா, "ஒரு காயிதத்தக் கொண்டாந்திருக்கலாம்லா"ன்னு. அவளும் அந்தக் கட்சிதான். எல்லாரும் ஒரு கட்சி, நான் ஒருத்தன் தனி.

நீங்க எங்க, திருநெல்வேலியா? மடியில என்ன, பைலா? மவன் சர்ட்டிபிகேட்டா? கவுன்சிலிங்குக்கா! கவுருமெண்டு ஐ.டி.ஐ.யா? சரி சரி. மவன் எங்க? முன்னாடியே போயி வரிசையில நிக்கானா. வெவரமான பிள்ளைதான். நல்லாப் புடிச்சுக்கிடுங்க, பஸ்ஸுல கூட்டம். அத அப்புறம் பேசுவோம்.

நான் வாத்தியாரு. பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் லெக்சரர். பேரு வேலாயுதம். பி.இ. படிச்சவன். கழுத்துல அட்டை போட்டுக்கிட்டு, போர்டுக்கு முன்னால நின்னு பாடம் எடுக்கணும்னு வந்தவன். பாடம் எடுக்க விட்டான்னா பாருங்க! பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே ஆளுக்கு ஒரு பை, ஒரு கட்டு நோட்டீசு. போங்கடா ஊர் ஊரா. பிளஸ் டூ முடிச்ச பிள்ளை எந்த வீட்டுல இருக்குன்னு மோந்து பாத்துக்கிட்டுப் போகணும். ஒரு வாத்தியாருக்குப் பத்துப் பிள்ளை. பத்து சேக்காட்டி கோடைச் சம்பளம் கெடையாது. படிச்சவன் செய்யுத வேலையா இது? எருமை புடிக்கப் போறவனுக்குக் கூட ஒரு மரியாதை இருக்கு. எங்களப் பாத்தா நாயி குலைக்கும். வீட்டுக்காரன், "கல்யாணத் தரகரா?"ன்னு கேப்பான். அசிங்கம் அண்ணாச்சி, அசிங்கம்.

எங்க கரஸ்பாண்டன்ட் முன்ன மரக்கடை வச்சிருந்தவரு. காலையில மீட்டிங்குன்னு எங்கள எல்லாம் நிக்க வச்சு அவரு சொல்லுவாரு, "பேச்சு பொறவு. மொதல்ல ஒரிஜினல வாங்கிப் பைக்குள்ள வைங்க. டி.சி. வந்துட்டா பிள்ளை வந்துட்டான்னு அர்த்தம்." பி.எச்டி. படிச்சவனும் கையக் கட்டிக்கிட்டு, "சரி சார்"ம்பான். நானும் சரி சார்தான். என்ன செய்ய? எனக்கும் குடும்பம் இருக்குல்லா.

காலேஜ் லட்சணம் கேளுங்க. லேத்து மிசினு ஒண்ணு இருக்கு, அதுமேல தார்ப்பாய் போட்டுக் கெடக்கு. பூனை குட்டி போட்டிருக்கு உள்ள. இன்ஸ்பெக்சன் வருதுன்னா பக்கத்துப் பட்டறையில இருந்து நாலு மிசினு லாரியில வரும். சாயங்காலம் திரும்பிப் போயிரும். ஒரு தடவ, வந்த ஆபீசர் மிசினத் தொட்டுப் பாத்துட்டு, "சூடா இருக்கே, பிள்ளைங்க நல்லா வேலை செய்யுதாங்க போல"ன்னாரு. பட்டறைக்காரன் அப்பதான் நிறுத்திட்டு ஏத்தி விட்டிருக்கான். சிரிக்கதா அழுகதா? ஆனா வெளிய சொல்ல முடியுமா? சோறு போடுத எடம்.

இது என் பொழப்போட சீத்துவம்னா, எங்க அக்கா சண்முகக்கனி கதையக் கேளுங்க.

எனக்கு ஒரே அக்கா. எங்க அய்யா சின்ன வயசுலயே போயிட்டாரு. அக்கா பீடி சுத்தித்தான் என்னய பி.இ. படிக்க வச்சா. அத நான் மறுக்கல. அத்தான் கேரளாவுல ஓட்டல்ல மாஸ்டர். மூத்தவன் இசக்கிராஜன், எளையவ அபிதா. நான் தாய்மாமன். அந்தப் பிள்ளையளுக்கு மொட்டை போட்டதும் காது குத்துனதும் எம் மடியில வச்சுத்தான். அதெல்லாம் இப்ப யாரு நெனைக்கா?

நாலு வருசத்துக்கு முன்னால மூத்தவன் ராசன் பிளஸ் டூ முடிச்சான். எனக்கு ஒம்போது அட்மிஷன் முடிஞ்சிருந்துச்சு. பத்தாவது கெடைக்கல. ரெண்டு வாரம் வெயில்ல நாயா அலைஞ்சேன். ஒருத்தன் சேக்கேன்னு சொல்லி மோரு குடுத்தான், மறுநாள் வேற காலேஜுக்காரன் அவன் டி.சி.ய அள்ளிக்கிட்டுப் போயிட்டான். மனுசனா அவனெல்லாம்? அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட எப்படித்தான் மனசு வருதோ.

அலைஞ்சு அலுத்து, ஒரு செம்பு தண்ணி குடிப்போம்னு அக்கா வீட்டுக்குப் போனேன். தண்ணி குடிக்கத்தான் போனேன், சத்தியமா. அக்கா மடியில சொளக வச்சு பீடி சுத்திக்கிட்டு இருந்தா. ராசன கவுருமெண்டு ஐ.டி.ஐ.ல சேக்கப் போறதா சொன்னா. ரெண்டு வருசம், பிட்டர் வேலைப் படிப்பு. பீசு கெடையாது, பஸ் பாசு, சைக்கிளு, மாசாமாசம் அவங்களே கைச்செலவுக்கும் தாராங்கன்னு, பீடி சுத்துத வேகத்துலயே சொல்லிக்கிட்டு வந்தா.

நான் சொன்னேன், "க்கா, எங்க காலேஜ்லயும் ரெண்டே வருசம்தான். பிளஸ் டூ முடிச்சவன் நேரா டிப்ளமோ ரெண்டாவது வருசத்துல உக்காந்துரலாம்."

அக்கா அதுக்கு என்ன கேட்டா தெரியுமா? "ஏல வேலு, ரெண்டும் ரெண்டு வருசம். அது சும்மா, இது துட்டு. முடிச்சு வெளிய வந்தா எதுல வேலை கெடைக்கும்? அதச் சொல்லு."

பாத்தியளா, பீடி சுத்துதவ கேக்குத கேள்வியா இது? படிப்ப கத்திரிக்கா மாதிரி எடை போட்டுப் பாக்கா. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "க்கா, ஐ.டி.ஐ.ன்னா கையில கிரீசு, டிப்ளமோன்னா கையில பேனா. நாளைக்கு அபிதாவுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது அண்ணன்காரன் ஸ்பேனர் புடிக்கான்னு சொல்லுவியா, ஜூனியர் இன்ஜினியர்னு சொல்லுவியா?"

அக்கா யோசிச்சா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னா. நான் ஒண்ணும் வற்புறுத்தல. "அவன் மார்க்கு என்னன்னு பாக்கணும்க்கா, ஒரிஜினலக் குடு, சும்மா பாத்துட்டுத் தாரேன்"னேன். கையில இருந்த பீடித் தூளச் சேலையில தொடச்சிட்டு, பொட்டியத் தொறந்து எடுத்துக் குடுத்தா. நான் பாத்தேன். நல்ல மார்க்கு. பைக்குள்ள வச்சேன். அவ்வளவுதான் நடந்துச்சு.

நாலு நாளு கழிச்சு ஐ.டி.ஐ.ல பிட்டர் சீட்டு வந்துட்டு. அக்காவுக்கு மனசு மாறிப் போச்சு. பொம்பளை புத்தி. டி.சி.யத் திருப்பிக் கேட்டுக் காலேஜுக்கே வந்துட்டா. ஆபீஸ்ல, ஒரு வருச பீச முழுசாக் கட்டிட்டு வாங்கிக்கோன்னுட்டாவ. அது ரூலு. அவ ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து எனக்குச் சொல்லி விட்டா. நான் கிளாஸ்ல இருக்கேன்னு சொல்லச் சொன்னேன். பிள்ளையளே இன்னும் வந்து சேரல, கிளாஸு எங்க இருந்து வரும், அது வேற விசயம். நான் போயி கரஸ்பாண்டன்ட்கிட்ட என்னன்னு நிக்க? பத்த ஒம்போதாக்குங்கன்னு என் வாயாலயே கேக்கவா? சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு அவளாப் போயிட்டா. அதுக்காக, பின்பக்கக் கேட்டு வழியா நான் சுத்திப் போக வேண்டியதாப் போச்சு. அக்கான்னா தம்பியோட நெலமைய நெனைக்க வேண்டாமா?

ராசன் படிச்சான். வேற வழி? தார்ப்பாயிக்குள்ள இருந்த லேத்த அவன் ஒருத்தன்தான் தொடச்சு வச்சான், பூனைக்குட்டிய எல்லாம் எடுத்து வெளிய விட்டுட்டு. கரண்டு கனெக்சனே கெடையாது அதுக்கு. புஸ்தகத்தப் பாத்துக்கிட்டுக் கைப்பிடியச் சும்மா திருப்பித் திருப்பிப் பாப்பான். எனக்கு எரிச்சலா வரும். "ஏல, பரீட்சைக்குப் படம் வரையத் தெரிஞ்சாப் போதும்"னு சொல்லுவேன். எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணிட்டான். அக்கா ரெண்டு வருசமும் பெரிய பீடிக்கட்டா வாங்கிச் சுத்தினா. காதுல கெடந்தது போச்சு. ஊர்ல யாரு வீட்டுலதான் போகல? படிப்புன்னா சும்மாவா?

அப்புறம் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில அவனுக்கு வேலை வந்துச்சு. நெசமாவே வந்துச்சு அண்ணாச்சி, நான் சொன்ன வாக்குப் பொய்க்கல. அத யாராவது சொல்லுதாவளா? வேலையில சேர ஒரிஜினல் கேட்டான். எங்க ஆபீஸ்ல, பில்டிங் பண்டு பாக்கி, லேப் பீசு பாக்கின்னு ஒரு தொகை சொன்னாவ. லேப் பீசு! அந்தப் பூனைக்கு! பய எங்கிட்ட வந்து நின்னான். "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுத்துருவாங்க மாமா"ன்னான். கேட்டுப் பாக்கேன் மாப்ளைன்னேன். கேக்கணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு கரஸ்பாண்டன்ட் மூடு சரியில்ல. மறுநாளு லீவு. அப்படியே தள்ளிப் போச்சு. கம்பெனிக்காரனுக்கு என்ன அவசரமோ, வேற ஒருத்தன எடுத்துட்டான். ஒரு பத்து நாளு பொறுக்க மாட்டானா? இவங்கள்லாம் தொழில் நடத்துதாங்களாம்.

இப்ப ராசன் சிமெண்டு குடோன்ல மூடை தூக்குதான்.

நீங்க ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? நானா தூக்கச் சொன்னேன்? டிப்ளமோ படிச்சுட்டு மூடை தூக்குதமேன்னு அவனுக்கில்லா வெக்கம் இருக்கணும்? வேற எதாவது பாக்கலாம்லா?

இன்னைக்குச் சடங்கு. அபிதா பெரிய மனுசியாகிட்டா. பதினாறாம் நாளு தண்ணி ஊத்துதாவ. தாய்மாமன் கட்ட வேண்டிய ஓலைக்குச்சு, அதக் கட்ட என்னய யாரும் கூப்பிடல. சரி, போன் வேலை செய்யலையோ என்னமோன்னு நெனைச்சுக்கிட்டேன். தாய்மாமன் பெருந்தன்மையா இருக்கணும்லா. ஒத்தப்படையா ஒம்போது தட்டு கட்டினேன். பட்டுச் சேலை ஒரு தட்டு. பழம், இனிப்பு, வளையலு, கண்ணாடின்னு ஒரு கொறை வைக்கல. ரெண்டு மேளக்காரங்களையும் கூட்டிக்கிட்டு, தெரு முக்குல இருந்து நடந்து போனோம்.

வாசல்ல அக்கா நின்னா. வாயி நெறைய "ஏல வேலு"ன்னு கூப்பிடுதவ. நாப்பத்தி ரெண்டு வயசுலயும் என்னய அப்படித்தான் கூப்பிடுவா. இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா?

"வாங்க சார்."

நான் வெளையாடுதான்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. தட்டெல்லாம் வரிசையா பாயில வச்சோம். அவ உள்ள போயி ஒரு எவர்சில்வர் தட்ட எடுத்துக்கிட்டு வந்து, கடைசித் தட்டுக்குப் பக்கத்துல வச்சா. காலித் தட்டு. பத்தாகிப் போச்சு. சீர் ரெட்டைப்படையில வைக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். "என்னக்கா இது?"ன்னேன்.

"இதுல எம் மவன் டி.சி.ய வைங்க சார். அது ஒண்ணுதான் எனக்குச் சீரு. அத வச்சுட்டு மத்ததத் தொடுங்க"ன்னா.

மேளக்காரன் நிறுத்திட்டான். அத்தனை பேர் மத்தியில! ஒரு சடங்கு வீட்டுல, மஞ்சத்தண்ணி கரைச்சு வச்சிருக்க எடத்துல, ஆபீஸ் விசயம் பேசுவாளா ஒருத்தி? சீ! எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. "க்கா, அது ரூலுக்கா, எங்கையில இல்ல"ன்னேன். "அன்னைக்கு ஒங்க கையிலதான சார் குடுத்தேன்"னா. அவ்வளவுதான். கத்தல, அழல. உள்ள போயிட்டா.

அபிதா வந்து உக்காந்தா. ஏதோ ரோசு கலர் சேலை, சாதாரணச் சேலை. அண்ணன் வாங்கிக் குடுத்ததாம். மூடை தூக்கின துட்டுல. தாய்மாமன் பட்டு பாயில கெடக்கு, பிள்ளை அந்த ரோசுச் சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. அதுல பக்கத்து வீட்டு சுடலைக்கண்ணு மவன் வேற. ராசனவிட எவ்வளவோ கம்மி மார்க்கு எடுத்த பய. அவன் அந்த ஐ.டி.ஐ.தான் போனான். இப்ப கோயம்புத்தூர்ல பம்பு கம்பெனியில இருக்கானாம், பெர்மனென்டாம். புது பைக்குல வந்து எறங்குதான். மொத எலையில அவன உக்கார வச்சுச் சோறு போடுதா எங்க அக்கா. ஸ்பேனர் புடிக்கவனுக்கு மொத எலை, லெக்சரருக்கு வாசப்படி.

எல்லாத்தையும் பொறுத்துக்கிடலாம். நான் தட்டக் கட்டி எடுக்கும்போது ராசன் வந்தான். தோள்பட்டையில தோலு உரிஞ்சு கருத்துக் கெடக்கு, சட்டைக் காலர் வழியாத் தெரியுது. சாம்பாரு வாளி கையில. அவன் என்னய நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க மாமா"ன்னான். அதுதான் அண்ணாச்சி என்னால தாங்க முடியல. எவ்வளவு கொழுப்பு இருந்தா அப்படிக் கூப்பிடுவான்?

அந்தக் காலித் தட்டையும் அக்கா எங்க சாக்குலயே போட்டு விட்டுட்டா. "நெறச்சுக்கிட்டு வாங்க சார்"னு.

நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல. அக்கா மவன்லா. போன வாரம் நானே கரஸ்பாண்டன்ட் முன்னால போயி நின்னேன், ஆமா, நானேதான். "சார், எம் மருமவன் சர்ட்டிபிகேட்டு"ன்னேன். அவரு என்ன சொன்னாரு, "வேலாயுதம், இந்த சீசனுக்கு ஒம் பத்த முடி. முடிச்சிட்டு ஒரு பைசா குடுக்காம எடுத்துக்கிட்டுப் போ"ன்னுட்டாரு. தங்கமான மனுசன். ஊரெல்லாம் அலைஞ்சு ஒம்போது முடிச்சிட்டேன். ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ணு கெடைச்சா அந்தப் பய ஒரிஜினல் கைக்கு வந்துரும். அக்கா மறுபடியும் ஏல வேலுன்னு கூப்பிடுவா. எனக்கு வேற என்ன வேணும்?

எறங்கப் போறியளா? இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கே, உக்காருங்க. ஒங்க மவன் பிளஸ் டூ தான? அப்ப எதுக்கு அண்ணாச்சி ஐ.டி.ஐ.? ரெண்டு வருசம் கிரீசுல உழண்டுட்டு வரவா? அதே ரெண்டு வருசத்துல டிப்ளமோ வந்துரும். ஒங்களப் பாத்தா வெவரம் தெரிஞ்சவரா இருக்கிய, நான் சொல்லி என்ன இருக்கு. எங்க காலேஜ்ல நான் இருக்கேன், ஒரு தாய்மாமன் மாதிரி பாத்துக்கிடுவேன்.

சர்ட்டிபிகேட்டு பைல ஏன் அப்படி நெஞ்சோட வச்சு அமுக்குதிய, கசங்கிரப் போகுது. இருங்க, சாக்குல ஒரு தட்டு காலியாத்தான் இருக்கு, எடுக்கேன். இந்தா, இதுல வைங்க. மார்க்கு மட்டும் ஒரு பார்வை.

சும்மா பாத்துட்டுத் தாரேன்.